ஆற்றின் அடியில் ஒரு சுரங்கம்

ஆற்றுப் படுகைக்குக் கீழே நிலக்கரி தோண்டலாமா என்று கேட்டால், தோண்டலாம் என்பதே விடை. கடலுக்கு அடியிலும் தோண்டியிருக்கிறார்கள். ஆனால் தலைக்கு மேலே எவ்வளவு பாறையை விட்டுவைக்க வேண்டும்? இக்கணக்கில் தவறிய ஒரு சுரங்கத்தின் வரலாற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கே சஸ்குவெஹன்னா ஆறு பாயும் பள்ளத்தாக்கு ஆந்த்ரசைட் நிலக்கரிக்குப் பெயர் பெற்றது. நிலக்கரி வகைகளுள் மிகக் கடினமானதும், கார்பன் மிகுந்ததும் இதுவே. கையில் எடுத்தால் கல்லைப்போல் கனத்துப் பளபளக்கும். எரியும்போது புகை மிகக் குறைவு. ஆனால் எளிதில் பற்றாது. அதனால் தொடக்கத்தில் வீட்டு அடுப்புக்கு உதவாத கல் என்றே பலரும் இதை ஒதுக்கினார்கள். 1808-ல் வில்க்ஸ்பாரி என்னும் ஊரில் ஜெஸ்ஸி ஃபெல் என்பவர், அடியிலிருந்து காற்று ஏறும்படி அமைத்த இரும்புக் கம்பித் தட்டில் இதை எரித்துக் காட்டினார். துருத்தி தேவைப்படவில்லை. அதன் பிறகு வீடுகளைச் சூடாக்க இந்தக் கரிக்கு ஒரே கிராக்கி. 1917-ல் பென்சில்வேனியாவின் உற்பத்தி சுமார் 10 கோடி டன்னை எட்டியது.

பின்னர் எண்ணெயும் இயற்கை வாயுவும் வந்தன. கரித் தொழில் தேய்ந்தது. பெரிய கம்பெனிகள் தங்கள் சுரங்கங்களைச் சிறிய கம்பெனிகளுக்குக் குத்தகைக்கு விட்டன. போர்ட் கிரிஃபித் என்ற இடத்தில் இருந்த 'ரிவர் ஸ்லோப்' சுரங்கம் அப்படி நாக்ஸ் கம்பெனியின் கைக்கு வந்தது. எளிதாக எடுக்கக்கூடிய கரியெல்லாம் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்ட காலம் அது. மிச்சமிருந்த கரியைத் தேடி, சுரங்கம் ஆற்றுக்கு அடியில் நீண்டது. கரிப் படுகையோ அங்கே மட்டமாக இல்லை. மேல்நோக்கி வளைந்து ஏறியது. கரியைத் தொடர்ந்து போனவர்கள் தாமும் மேலேறினார்கள். அதாவது, ஒவ்வொரு நாளும் ஆற்றை நெருங்கினார்கள்.

பாதுகாப்புக்குக் குறைந்தது 35 அடிப் பாறை மேலே இருக்கவேண்டும் என்று கருதப்பட்டது. சுரங்கத்துக்குள் நிற்பவருக்குக் கூரையின் அடிப்புறம் மட்டுமே தெரியும். அதன் கனம் தெரியாது. துளையிட்டுப் பார்த்தால்தான் உண்டு. அப்படித் துளையிட்டுப் பார்க்காமலே தோண்டினார்கள். ஓரிடத்தில் எஞ்சியிருந்த பாறை 6 அடிக்கு மேல் இல்லை.

35 எங்கே, 6 எங்கே! வலிமை ஆறில் ஒரு பங்காகக் குறைந்தது என்று நீங்கள் சொல்லக்கூடும். என் வகுப்பு மாணவர்களும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டு செங்கற்களின் மேல் ஒரு பலகையை வைத்து நடுவில் பளு ஏற்றுங்கள். பலகை வளையும்போது அதன் மேற்புறம் அமுங்குகிறது, அடிப்புறம் இழுபடுகிறது. பலகையின் கனத்தைப் பாதியாக்கினால், இழுவிசையை எதிர்க்கும் பொருள் பாதியாகிறது. அமுங்கும் பகுதிக்கும் இழுபடும் பகுதிக்கும் உள்ள தூரமும், அதாவது நெம்புகோலின் கையும், பாதியாகிறது. பாதியில் பாதி, கால். ஆகவே தாங்கும் திறன் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 35-ஐ 6-ஆல் வகுத்து வர்க்கப்படுத்திப் பாருங்கள்: ஏறக்குறைய 34 வரும். அந்தக் கூரையின் திறன் ஆறில் ஒரு பங்கல்ல, முப்பத்துநான்கில் ஒரு பங்கு! பாறை பலகை அல்லதான். ஆனால் அதில் விரிசல்கள் உண்டு. பாறை அமுக்கத்தைத் தாங்குமளவு இழுவிசையைத் தாங்காது. எனவே உண்மை நிலை இந்தக் கணக்கைவிட மோசமாகவே இருந்திருக்கும்.

1959 ஜனவரியில் வழக்கத்துக்கு மாறாகக் குளிர் தணிந்து மழை பெய்தது. பனிக்கட்டிகள் மிதக்க, ஆறு பெருகியது. நீர்மட்டம் 1 மீட்டர் உயர்ந்தால் அடியிலுள்ள ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 1 டன் கூடுதல் பளு என்பது நீங்கள் படித்ததே. ஜனவரி 22 அன்று, முற்பகலில், கூரைக்கு முட்டுக் கொடுத்திருந்த மரத்தூண் முறியும் ஓசை கேட்டது. அருகிலிருந்தவர்கள் ஓடினார்கள். அடுத்த கணம் ஆறு உள்ளே பாய்ந்தது.

அப்போது கீழே 81 பேர் இருந்தனர். சிலர் வெள்ளம் சூழுமுன் வேறு வழிகளில் மேலேறினார்கள். வழி தப்பியவர்கள், கைவிடப்பட்டிருந்த 'ஈகிள்' என்னும் பழைய காற்றுக் கிணற்றின் அடிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே ஏணியும் இல்லை, கயிறும் இல்லை. அமெடியோ பான்கோட்டி என்ற தொழிலாளி 50 அடி உயரச் சுவரில் கையாலும் காலாலும் பற்றி ஏறி, வெளியே போய் உதவி கேட்டார். அவரோடு சேர்த்து 33 பேர் அந்தக் கிணறு வழியே உயிர் பிழைத்தனர். மொத்தம் 69 பேர் தப்பினர். 12 பேர் திரும்பவில்லை.

ஆற்றின் மேற்பரப்பில் பெரிய நீர்ச்சுழல் ஒன்று தோன்றியது. அதை அடைக்கக் கரையோர ரயில் பாதையைச் சுழலை நோக்கித் திருப்பி, சரக்குப் பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார்கள். சுரங்க வண்டிகள், கரிக் கழிவு, மண் எல்லாம் பின்தொடர்ந்தன. சுழல் அடங்க மூன்று நாட்கள் ஆயின. அதற்குள் புகுந்த நீர் சுமார் 1,000 கோடி காலன் என்று மதிப்பிட்டார்கள். லிட்டரில் 3,800 கோடி. மூன்று நாட்களுக்குப் பகிர்ந்தால் வினாடிக்கு 140 டன்னுக்கு மேல்! ஒரே சுரங்கத்தில் இவ்வளவு நீருக்கு இடம் ஏது? பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் பல ஒன்றோடொன்று தொடர்பு கொண்டிருந்தன. தொடர்புள்ள பாத்திரங்களில் நீர் ஒரே மட்டத்தை நாடும் விதியை நாம் கண்ணாடிக் குழாய்களில் காட்டுவோம். அங்கே அது மைல்கணக்கான சுரங்கங்களில் நடந்தது. பக்கத்துச் சுரங்கங்களும் மூழ்கின. அந்தப் பகுதியில் ஆழச் சுரங்கத் தொழில் அதன் பிறகு தலைதூக்கவில்லை.

பின்னர் ஆற்றின் நடுவிலிருந்த தீவுக்கும் கரைக்கும் இடையே தற்காலிக அணைகள் கட்டி, நீரை இறைத்து, துளையைக் களிமண்ணாலும் கான்கிரீட்டாலும் மூடினார்கள். வழக்குகள் நடந்தன, சிலர் சிறை சென்றனர். தொழிலாளர்களைக் காக்கவேண்டிய சங்கத்தின் வட்டாரத் தலைவரே கம்பெனியில் மறைமுகப் பங்குதாரராக இருந்தது வெளிப்பட்டது. சுரங்கத்து நீரை இறைத்துத் தேடியும் அந்த 12 பேரின் உடல்கள் கிடைக்கவில்லை. அவர்கள் இன்றும் அந்த ஆற்றின் கீழேதான் இருக்கிறார்கள்.