ஏரிக்கரையில் எந்த இடம்?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடாவின் எல்லையை ஒட்டிப் பரந்து கிடக்கும் சுப்பீரியர் தேசிய வனத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. 1909-இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் பிரகடனத்தால் உருவான அவ்வனத்தில் கூடாரமடித்துச் சில நாள் ஏகாந்தமாகத் தங்க விரும்புகிறவருக்கு, எந்தக் கரையைத் தேர்வது என்பதே முதல் சங்கடம். முகாமில் எத்தனை பேர் தங்குவார்கள் என்று விசாரிப்பதே பலருடைய வழக்கம். அதைவிட முக்கியமாக விசாரிக்க வேண்டியது, அந்த ஏரியில் மோட்டார் படகு ஓடலாமா என்பதே. காற்றடங்கிய அந்தியில், குளிர்ந்த ஏரிநீர் தன்னை ஒட்டிய காற்றையும் குளிரச் செய்ய, வெதுவெதுப்பான காற்று அதன்மேல் கவிந்து நிற்பதால், மேலெழும் ஒலி வளைந்து நீர்மட்டத்துக்கே இறங்கி வெகுதூரம் செல்கிறது. அக்கரையில் ஒருவர் துடுப்பைப் படகின் விளிம்பில் தட்டினாலும் இக்கரையில் தெளிவாகக் கேட்கும். மோட்டாரின் இரைச்சலைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஈலி என்ற சிற்றூரை அடுத்த ஃபால் ஏரி முகாமில் மின்வசதி உண்டு; குழந்தைகளோடும் முதியோரோடும் வருகிறவர்களுக்கு அது மெத்தச் சௌகரியம். ஆயினும் அங்கே 25 குதிரைசக்தி வரையிலான மோட்டார்களுக்கு அனுமதி இருப்பதால், மீன்பிடிக்கப் புறப்படும் படகுகளின் சப்தத்தைச் சகித்துக்கொள்ளத் தயாராக இருக்கவேண்டும்.

டாஃப்டி என்ற ஊரிலிருந்து வடக்கே 24 மைல் காட்டுப்பாதையில் சென்றால் வரும் சாபில் ஏரியே என் அபிப்பிராயத்தில் சிறந்தது. அங்கே ஏறத்தாழ ஐம்பது கூடாரங்களுக்கு இடமுண்டு. ஆனாலும் ஏரியில் மோட்டார் கூடாது என்பதால், அவ்வளவு ஜனங்களுக்கு நடுவிலும், இருட்டியபின் லூன் பறவை நீட்டிக் கூவுவதையும், தொலைவிலிருந்து வேறொன்று அதற்கு விடையளிப்பதையும் இடையூறின்றிக் கேட்கலாம். படகுத்துறைக்கு அருகிலுள்ள இடங்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதிகாலையிலேயே அங்கு நடமாட்டம் ஆரம்பித்துவிடும்.

கட்டணம் வாங்காத சிறு முகாம்களும் ஆங்காங்கே உண்டு. குடிநீரைச் சுமந்து போகவும் குப்பையைத் திருப்பிச் சுமந்து வரவும் மனமுள்ளவர்களுக்கே அவை உகந்தவை.

இவை எதிலும் திருப்தி அடையாதவர், துடுப்புப் படகிலேறி, அவ்வனத்திலேயே உள்ள ‘எல்லைநீர்’ என்ற வனாந்தரப் பகுதிக்குள் போகலாம். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை அங்கே இரவு தங்க முன்கூட்டியே அனுமதிச்சீட்டுப் பெறவேண்டும். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் கூடாது. தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ உணவுப் பண்டங்களைக் கொண்டுபோகவும் கூடாது. இரும்புக் கிராதி பதித்த ஓர் அடுப்பும், மரங்களுக்குப் பின்னே ஒரு கழிப்பிடமுமே அங்குள்ள வசதிகள். படகையும் மூட்டையையும் ஏரிக்கு ஏரி தோளில் சுமக்கத் திராணியுள்ளவர் இதைத் தவறவிடவே கூடாது.

எங்கே தங்கினாலும், ஜூன் மாதத்துக் கொசுவும் கருஈயும் சாமானியமானவை அல்ல. ஆகஸ்டு பிற்பகுதியே உசிதம். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகதநிற வண்டு விறகின் வழியே பரவுவதால், விறகை ஊரிலிருந்து ஏற்றிச் செல்லாமல் அங்கேயே வாங்குங்கள். கருங்கரடிகள் உலவும் வனமாதலால், உணவைக் கூடாரத்துக்குள் ஒருபோதும் வைக்காதீர்கள்.