மழைக்குப் பின் முளைக்கும் குடைகள்
(க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்: பங்கசுக்கள் பற்றிய துணைப்பாடம்)



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பெய்து ஓய்ந்த மறுநாட் காலையில் மண்டைதீவின் பனங்காணிகளைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். உக்கிய பனங்குற்றி, எருக்கும்பி, வைக்கோற்போரின் அடி ஆகிய இடங்களில் காளான்கள் குடை விரித்து நிற்கக் காண்பீர்கள். “இதைப் பிடுங்கிக் கறி வைக்கலாமா?” என்ற கேள்வி உடனே எழும். இக்கேள்விக்கு விடை காணும் முறையை இப்பாடத்தில் படிப்போம். பரீட்சையில் தவறான விடைக்குப் புள்ளி மட்டுமே போகும். இங்கே தவறினால் உயிரே போகலாம்.

1. காளான் என்றால் என்ன?

காளான் தாவரம் அன்று. அது பங்கசு இராச்சியத்தைச் சேர்ந்தது. அதில் பச்சையம் இல்லை. ஆகவே தன் உணவைத் தானே தயாரிக்க முடியாது. அதன் கலச்சுவரில் கைற்றின் என்னும் பதார்த்தம் உண்டு.

நாம் பிடுங்கும் குடை, வித்திகளைப் பரப்பும் உறுப்பு மட்டுமே. பங்கசின் உடல் மண்ணுக்குள்ளும் உக்கும் மரத்துக்குள்ளும் நூல்வலையாகப் பரந்திருக்கும். இதனைப் பூசணவலை என்பர். மழையால் ஈரம் கிடைத்ததும் அது குடையை வெளியே அனுப்புகிறது. இறந்த பொருட்களை நொதியங்களால் சிதைத்து உறிஞ்சுபவை அழுகல்வளரிகள் எனப்படும்.

இலக்கியத்திலும் இதற்குச் சான்று உண்டு. காளானின் பழந்தமிழ்ப் பெயர்களுள் ஒன்று ‘ஆம்பி’. புறநானூற்றின் 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் வறுமையைக் கூறும்போது, சமைக்காமற் கிடந்த அடுப்பில் ஆம்பி பூத்திருப்பதைக் காட்டுகிறார். நாள்தோறும் நெருப்பெரியும் அடுப்பில் காளான் முளைக்காது. நெருப்பின்றி ஈரம் ஏறிய அடுப்பில், காற்றில் வந்த வித்தி முளைத்துவிடும்.

2. புற்றுக் காளான்

இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் மக்கள் விரும்பி உண்ணும் காட்டுக் காளான் இது. விஞ்ஞானப் பெயர் ரேமிற்றோமைசெஸ். சிலவகைக் கறையான்கள் புற்றினுள்ளே இப்பங்கசை வளர்க்கின்றன. கறையான் கொண்டுவரும் மரத்துண்டுகளைப் பங்கசு சிதைக்கிறது. அவ்வாறு பதப்பட்டதைக் கறையான் உண்கிறது. இருவரும் பயன்பெறுவதால் இது ஒன்றியவாழ்வுக்குச் சிறந்த உதாரணம். இக்காளானின் காம்பு வேர்போல் நீண்டு, நிலத்தடியில் உள்ள கறையான் கூடு வரை இறங்கும். குடையின் நடுவில் பெரும்பாலும் ஒரு கூர்ப்பு இருக்கும்.

ஆயினும் புற்றருகே முளைப்பதெல்லாம் புற்றுக் காளான் அன்று. புற்றுக்குள் பாம்பும் இருக்கலாம். வெறுங்கையை விட வேண்டாம்.

3. புதிதாகப் பழகுபவர் செய்ய வேண்டியவை

(அ) அனுபவமுள்ள பெரியவர் ஒருவருடன் செல்லுங்கள். எச்சரிக்கைப் பலகையுள்ள காணிகளுக்குள் இறங்காதீர்கள்.
(ஆ) முளைத்த இடத்தைக் குறியுங்கள்: மண்ணா, மரமா, எருவா, புற்றா?
(இ) காம்பை முறிக்காமல் அடியோடு தோண்டி எடுங்கள். அடியில் கிண்ணம் போன்ற உறை, காம்பில் வளையம் என்பன உண்டா எனப் பாருங்கள்.
(ஈ) குடையின் கீழே மீனின் பூவைப் போன்ற மெல்லிய தகடுகள் இருந்தால் அவற்றின் நிறத்தைக் குறியுங்கள்.
(உ) வித்திப் பதிவு எடுங்கள். காம்பை வெட்டி நீக்கி, குடையைத் தகடுகள் கீழ்நோக்க, பாதி வெள்ளையும் பாதி கறுப்புமான தாளில் வையுங்கள். ஒரு கோப்பையால் மூடி ஓரிரவு விடுங்கள். உதிர்ந்த வித்திகளின் நிறம் தாளில் தெரியும்.
(ஊ) படம் வரைந்து, திகதியிட்டுக் கொப்பியில் சேருங்கள்.

முதல் மாரியில் கொப்பியை மட்டும் நிரப்புங்கள்; சட்டியை நிரப்ப வேண்டாம். ஒரே ஓர் இனத்தை ஐயமறத் தெரிந்துகொள்வது, பத்து இனங்களை அரைகுறையாகத் தெரிந்திருப்பதிலும் மேலானது.

4. ஒன்றைப் போல் மற்றொன்று

வைக்கோற் காளான்: அடியில் கிண்ணம் உண்டு, வளையம் இல்லை, வித்தி இளஞ்சிவப்பு. உண்ணத்தக்கது.
மரணத்தொப்பிக் காளான் (அமனீற்றா சாதி): அடியில் கிண்ணம் உண்டு, வளையமும் உண்டு, வித்தி வெள்ளை. கொல்லும் நஞ்சுடையது.
பச்சை வித்திக் காளான்: வெப்பமான நாடுகளின் புற்றரைகளில் முளைப்பது. தகடுகள் முதலில் வெண்மை, பின்னர் பச்சை. கடும் வாந்தியும் வயிற்றோட்டமும் உண்டாக்கும்.

மொட்டுப் பருவத்தில் முதலிரண்டையும் வேறுபடுத்துவது கடினம். அமெரிக்காவில் குடியேறிய தென்கிழக்காசிய மக்கள் சிலர், தம் ஊர் வைக்கோற் காளான் என எண்ணி மரணத்தொப்பியை உண்டு நஞ்சுக்கு ஆளாயினர். இளஞ்சிவப்பு வித்தியுடைய காளான்களிலும் நஞ்சுள்ளவை உண்டு. எனவே ஓர் அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது. எல்லா அடையாளங்களும் பொருந்த வேண்டும்.

5. தவறான நம்பிக்கைகள்

• வெள்ளிக் கரண்டியோ உள்ளியோ கறுத்தால்தான் நஞ்சு – தவறு.
• புழு, நத்தை தின்றது நமக்கும் நல்லது – தவறு.
• நன்றாக அவித்தால் நஞ்சு போய்விடும் – தவறு. மரணத்தொப்பியின் அமாற்றொக்சின் சமையல் வெப்பத்தால் அழிவதில்லை.

இந்நஞ்சின் அறிகுறிகள் பொதுவாக 6 மணித்தியாலங்களுக்குப் பின்னரே தொடங்கும். வாந்தியும் வயிற்றோட்டமும் வந்து பின்னர் சுகமானது போலத் தோன்றும். அவ்வேளையிலும் ஈரல் பழுதடைந்துகொண்டிருக்கும். 2022 ஏப்ரலில் இந்தியாவின் அசாம் மாநிலத்தில் காட்டுக் காளான் உண்டு 13 பேர் இறந்தனர். அவர்களிற் பலர் தேயிலைத் தோட்டக் குடும்பத்தினர். காளானோடு பழகிய மக்களுக்கே இது நேர்ந்தது என்பதை மறவாதீர்கள்.

ஐயமான காளானை எவராவது உண்டுவிட்டால் அறிகுறி வரும்வரை காத்திராமல் 1990 அம்புலன்சை அழையுங்கள், அல்லது பண்ணைப் பாலம் வழியாக யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு விரையுங்கள். எஞ்சிய காளானையும் கடதாசியில் சுற்றிக் கொண்டுசெல்லுங்கள்.

6. மாதிரி வினா (4 புள்ளிகள்)

வினா: “அயலவர் கொடுத்த காட்டுக் காளானை அவித்துப் பார்த்து, வெள்ளிக் கரண்டி கறுக்காததால் உண்ணலாம் என ஒருவர் முடிவு செய்தார்.” இம்முடிவு ஏன் பிழையானது?

விடை: வெள்ளி கறுக்காமை நஞ்சில்லை என்பதற்குச் சான்றன்று (1). சில நஞ்சுகள் வெப்பத்தால் அழிவதில்லை (1). முளைத்த இடம், அடிக்கிண்ணம், வளையம், வித்தியின் நிறம் என்பன நோக்கப்படவில்லை (1). அறிகுறிகள் பிந்தித் தோன்றுவதால், தவறு தெரியவரும்போது ஈரல் பாதிக்கப்பட்டிருக்கும் (1).

பயிற்சி:
1. காளான் தாவரம் அல்ல என்பதற்கு இரு காரணங்கள் தருக.
2. கறையானுக்கும் புற்றுக் காளானுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
3. வித்திப் பதிவு எடுக்கும் படிமுறைகளை ஒழுங்காக எழுதுக.

மனதில் இருத்துங்கள்: பரீட்சைத் தாளில் தெரியாத வினாவுக்கு ஊகித்து விடை எழுதலாம். காளான் விடயத்தில் ஊகத்துக்கு இடமில்லை. ஐயம் இருந்தால் எறிந்துவிடுங்கள்.