செபலோசுபோரின்: ஒரு மருந்தின் வளர்ச்சி

நோய் செய்யும் பற்றீரியாக்களை அழிக்கும் மருந்துகளுள் பெனிசிலினை அறியாதார் இலர். அதன் உறவாகிய செபலோசுபோரின் வளர்ந்த வரலாறோ பலர் அறியாதது. அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இத்தாலி நாட்டுச் சார்டினியாத் தீவிலே காலியாரி என்னும் கடற்கரை நகர் உளது. நகரின் கழிவுநீர் கடலிற் கலக்குமிடத்தை ஆராய்ந்த பேராசிரியர் யுசெப்பே புரொட்சு, 1945 ஆம் ஆண்டில் அந்நீரிலிருந்து ஒரு பங்கசைப் பிரித்தெடுத்தார். அதன் சாறு நெருப்புக்காய்ச்சற் கிருமியையும் வளரவிடாது தடுத்தது. 1948 இல் அப்பங்கசு ஒட்சுபோட்டுப் பல்கலைக்கழகத்தை அடைந்தது. ஆங்கு எட்வேட் ஏபிரகாமும் அவர்தம் உடனாய்வாளர் நியூற்றனும் 1953 இல் செபலோசுபோரின் சீ என்னும் பொருளைக் கண்டனர். அது ஆற்றல் குறைந்ததே. ஆயினும், பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்துக்கு அது எளிதில் இரையாகவில்லை. அவ்வொரு குணம் கருதி அறிஞர் அதனைத் தள்ளாது போற்றினர்.

இம்மருந்து தொழிற்படுமாறு யாது? பற்றீரியாவைச் சூழ்ந்து ஒரு சுவர் உண்டு. அதனைக் கட்டும் நொதியங்களை மருந்தின் மூலக்கூறு பற்றிச் செயலிழக்கச் செய்யும். சுவர் குறைபடவே, உட்புகும் நீரின் அமுக்கத்தாற் கிருமி வெடித்தழியும். மனிதக் கலங்களுக்கு அத்தகைய சுவர் இன்மையால் அவை தப்புகின்றன.

மூலக்கூற்றின் நடுப்பகுதியை நிலைநிறுத்திப் பக்கச் சங்கிலிகளை மாற்றினாற் புதிய மருந்துகள் பிறக்கும். இவ்வாறு ஆக்கப்பட்ட செபலோதின் 1964 இல் வழக்குக்கு வந்தது. பின்வந்தவற்றைத் தலைமுறைகளாக வகுப்பர். அவற்றுள் மூன்றாந் தலைமுறையினதாகிய செபற்றிரையட்சோன் மூளையுறை அழற்சிக்கும் மருந்தாயிற்று.

கிருமிகளும் வாளாவிருந்தில. மருந்தைச் சிதைக்கும் புதிய நொதியங்களை அவை ஆக்கின. அவற்றை வெல்ல எழுந்தவற்றுள் ஒன்று, 2019 இல் அமெரிக்காவில் இசைவு பெற்ற செபிடெரொக்கோல். கிருமி வளர இரும்பு வேண்டும். இம்மருந்து இரும்பைப் பற்றி நிற்க, தூண்டிலிரையை விழுங்கும் மீன்போலக் கிருமி அதனைத் தானே உள்ளே ஏற்றுக்கொள்கின்றது.

ஒரு புதுமருந்தை ஆக்கப் பல்லாண்டு உழைப்பும் பெரும்பொருளும் வேண்டும். அதன் பயனைக் கெடுக்க நமது கவனமின்மை ஒன்றே போதும். தடிமனும் இன்புளுவென்சாவும் வைரசுகளால் வருவன. இம்மருந்துகள் அவற்றைத் தீண்டா. மருத்துவர் சொல்லின்றி இவற்றை உண்பதும், ஒருவர்க்குக் கொடுத்ததை மற்றொருவர் உண்பதும் கிருமிகளுக்குப் போர்ப்பயிற்சி அளிப்பதனையே ஒக்கும். மருத்துவர் விதித்த அளவையும் காலத்தையும் பேணுதல் நம் கடன். மாணவர் இதனைத் தம் இல்லத்தார்க்கும் எடுத்துரைப்பாராக.