கோர்ட்டு மூடிய நாளில் அவசர மனு



தகராறு வந்தால் "கோர்ட்டில் பார்த்துக்கொள்வோம்" என்கிறோம். கோர்ட்டே மூடிக் கிடந்தால் என்ன செய்வோம்? 2020 மார்ச்சு 18ந் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, காம்பாரில் நம்மில் பலர் கடையைச் சாத்தினோம். ஈப்போ ஹைகோர்ட்டில் வழக்குள்ளவர்களும் காத்திருக்க நேர்ந்தது. ஆனால் வாடகை நாள் மட்டும் காத்திருக்கவில்லை. ஆகையால் இந்தப் பாடத்தை நாம் அறிந்திருப்பது அவசியம்.

அந்நாளிலும் அவசர மனுவுக்கு வழி இருந்தது. மனுக்கள் கம்ப்யூட்டர் வழியே தாக்கலாயின. வீடியோ மூலமும் விசாரணை நடந்தது. 2020 அக்டோபரில் இதற்கென்றே சட்டம் திருத்தப்பட்டது.

அவசரம் என்பது யாது? "பணம் வரவேண்டும்" என்பது மட்டும் அவசரமாகாது. பணத்தைப் பிறகும் வட்டியோடு வாங்கலாம். கிடங்கில் நம் வெங்காயமும் பேரீச்சம்பழமும் இருக்க, மற்றவர் பூட்டை மாற்றிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். வரிசைக்குக் காத்திருந்தால் சரக்கு அழுகிவிடும். இதுவே அவசரம். அதன் காரணத்தை எழுதி வக்கீல் அவசரச் சான்று தரவேண்டும்.

எதிர்க்கட்சியைக் கேளாமலே தடையுத்தரவு கோரினால் மூன்று விஷயங்கள் முக்கியம்:

1. பிரமாணப் பத்திரத்தில் நமக்குப் பாதகமான விவரத்தையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மறைத்தது தெரிந்தால் உத்தரவே ரத்தாகலாம்.

2. உத்தரவு தவறென்று பின்னர் முடிவானால், எதிரிக்கு ஏற்பட்ட நஷ்டத்தைக் கொடுப்பதாக உறுதி கூறவேண்டும்.

3. உத்தரவை ஒரு வாரத்துக்குள் எதிரிக்குச் சேர்ப்பிக்கவேண்டும். இரு தரப்பு விசாரணை 14 நாளுக்குள் குறிக்கப்படும். 21 நாள் ஆனதும் உத்தரவு தானே காலாவதியாகும்.

பலவாரம் சும்மாயிருந்துவிட்டு "அவசரம்" என்றால் நீதிபதி நம்பமாட்டார்.

வாடகை ஜப்தியையும் அறிவோம். 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டிடச் சொந்தக்காரர் 12 மாதத்துக்கு மேற்படாத பாக்கிக்காக, நமக்குத் தெரியாமலே வாரண்டு பெறலாம். சரக்கு ஜப்தியானால் 5 நாளுக்குள் கோர்ட்டில் மனுச் செய்து, வாரண்டை ரத்துச் செய்யவோ நிறுத்திவைக்கவோ கேட்கலாம். இரவல் சரக்கோ, பிறர் அமானத்தாக வைத்த பொருளோ அதில் சிக்கினால், அதன் சொந்தக்காரரும் கேட்கலாம்.

2020 அக்டோபர் 23ல் வெளியான தற்காலிக நடவடிக்கைச் சட்டம் (எண் 829), 2020 மார்ச்சு 18 முதல் ஆகஸ்டு 31 வரையுள்ள பாக்கியை ஜப்தியில் சேர்க்கலாகாதென்றது. கடை வாடகை ஒப்பந்தத் தகராறுகளைச் சமரசத்தில் தீர்க்கவும் இடமளித்தது. ஆனால் கடனை அது தள்ளுபடி செய்யவில்லை. "கொரோனா வந்தது, வாடகை இல்லை" என்று நினைத்திருந்தவர் பின்னர் சங்கடப்பட நேரிடும்.

ஆகவே, வாடகை ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் இன்றே ஓர் உறையிலிட்டுக் கடைக்கு வெளியே வைப்போம். பூட்டிய கடைக்குள் இருக்கும் காகிதம் கோர்ட்டில் சாட்சி சொல்லாது. சொந்தக்காரரிடம் பேசி முடித்ததையும் எழுதி, இருவரும் கையெழுத்திடுவோம். தபாலில் வரும் நோட்டீசைப் பிரித்து, அன்றே வக்கீலிடம் காட்டுவோம்.