குறைந்தபட்சக் கூலி போதாதா?

கேள்வி: குறைந்தபட்சக் கூலி ஒழுங்காகக் கிடைத்தால் போதாதா? வாழ்வூதியம் என்று தனியாக எதற்கு?
– ஒரு வாசகி, திருவக்கரை

பதில்: போதாது, அம்மா. 1957-இல் இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கே கணக்கு வகுத்தது: உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கெஜம் துணி, வாடகை, அடுப்பு, விளக்கு. பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், முதுமைக்கு மேலும் 25 சதவீதம் சேர்க்கச் சொன்னது உச்ச நீதிமன்றம், 1991-இல். அப்போதும் அது குறைந்தபட்சம்தான். அரசியலமைப்பின் 43-ஆம் பிரிவு சொல்லும் வாழ்வூதியம், அதாவது கண்ணியமாக வாழப் போதுமான ஊதியம், அதற்கும் மேலே. உங்கள் ஊர்க் கல்குவாரியில் வெயிலில் கல் உடைப்பவருக்கும் அது கிடைக்க அரசு முயல வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

வாழ்வூதியக் கேள்வி விவசாயிக்கும் உண்டு; ஆனால் மல்லாட்டை (நிலக்கடலை) போடும் விவசாயிக்குக் கூலி தர யாருமில்லை. விதை, உரம், ஆள்கூலி, குத்தகை போக வருடம் முழுக்கக் கையில் நிற்பதே அவர் வருமானம். காய் பறிக்கும் வீட்டுப் பெண்களின் உழைப்பையும் செலவில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டுத்தான் லாபம் என்கிறோம்.