கட்டியதில் நிலைத்தது எது?

நிலம் வாங்கிக் கட்டிடம் எழுப்புவது நம்மவருக்குப் புதிய தொழிலன்று. ஆயினும் கட்டியவற்றுள் எது நிலைக்கும் என்று சிந்தித்துக் கட்டுவோர் சிலரே. இதற்கு அல்காஃப் குடும்பத்தாரின் வரலாறு நல்லதொரு பாடமாகும்.

ஹள்ரமௌத் நாட்டு அரபியரான இக்குடும்பத்தார் 1852-இல் சிங்கப்பூருக்கு வந்தனர். வாசனைச் சரக்கு, சர்க்கரை, காப்பி ஆகியவற்றின் வாணிகத்தில் ஈட்டிய பொருளை நிலத்திலும் கட்டிடத்திலும் இட்டனர். சரக்கின் விலை ஏறி இறங்கினும் வாடகை மாதந்தோறும் வருமன்றோ? 1909-இல் ராஃபிள்ஸ் பிளேசுக்கும் கோலியர் கீக்கும் இடையே, மூரிஷ் பாணியில் 'ஆர்கேட்' என்னும் மாளிகையை எழுப்பினர்.

இக்குடும்பத்து ஸையித் ஷெய்கு அல்காஃப் அவர்களுக்குத் தோட்டக்கலையில் பற்று மிகுதி. 1930-ஆம் ஆண்டையொட்டி மெக்பர்சன் ரோட்டருகே ஜப்பானிய முறையில் ஒரு பூங்காவை அமைத்தார். ஏரி, படகுகள், செயற்கைக் குன்றுகள், தேநீர்க் குடில் யாவும் அதில் இருந்தன. தாம் மட்டும் மகிழாமல் பொதுமக்களுக்கும் அதைத் திறந்துவிட்டார்.

பின்னர் நடந்ததென்ன? 1949-இல் பூங்கா நிலம் விற்கப்பட்டது. 1964-இல் பள்ளிக்கூடம் கட்டுவதற்காக ஏரி தூர்க்கப்பட்டது. 1978-இல் ஆர்கேட் இடிக்கப்பட்டது. ஆனால், அக்குடும்பத்தார் 1932-இல் அப்பூங்காவின் அருகே கட்டிய பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது, தொழுகை நடைபெறுகிறது. 2014-இல் அது பாதுகாக்கப்பட்ட கட்டிடமாகவும் அறிவிக்கப்பட்டது.

வக்ஃபாக்கிய பொருளை விற்கலாகாது, பிறருக்குக் கொடுத்துவிடலாகாது, வாரிசுகள் பங்கிடவும் ஆகாது என்பது பொது விதி. சிங்கப்பூரில் 1966-இல் இயற்றப்பட்ட முஸ்லிம் சட்ட நிர்வாகச் சட்டம் வக்ஃபுகளுக்குச் சட்டப் பாதுகாப்பும் அளித்தது.

நிலத்தை விற்பது குற்றமன்று. நகரம் வளர நிலம் கைமாறவே செய்யும். பூங்காவும் பயனற்றுப் போகவில்லை. மக்கள் அதை மறவாததால், 2024-இல் திறந்த பிடாடரி பூங்காவின் புதிய ஏரி அல்காஃப் பெயரையே தாங்குகிறது. எனினும், பெயர் நிலைப்பது வேறு. பயன் நிலைப்பது வேறு.

மரண சாசனத்தின் வழியே அறத்துக்கு எழுதக்கூடியது சொத்தில் மூன்றிலொரு பங்கு வரையே. உடல்நலத்தோடு இருக்கையில் செய்யும் வக்ஃபுக்கோ அந்த வரம்பு இல்லை. ஆகவே சொத்துடையோர், தம் உடைமையில் எது விற்பனைக்குரியதன்று என்பதை வாழுங்காலத்திலேயே முடிவு செய்வார்களாக!