சட்டென்று கை ஓங்குவது ஏன்?

கேள்வி: கோரிப்பாளையம் சிக்னலில் கொஞ்சம் தாமதமானாலே என் கணவர் கொதித்துப்போய்ச் சண்டைக்குப் போகிறார். இவருக்கு மட்டும் ஏன் இப்படி?
- வாசகி, மதுரை

பதில்: நினைத்த காரியம் தடைபட்டால் எரிச்சல் எல்லோருக்கும் வரும். மூளையின் ஆழத்தில் இருக்கும் அமிக்டலா அதை ஆபத்தாக எடுத்துக்கொண்டு உடம்பை உசுப்பிவிடும்: நெஞ்சு படபடக்கும், தாடை இறுகும். நெற்றிக்குப் பின்னாலுள்ள முன்மூளைதான் 'பொறு' என்று அடக்க வேண்டும். எளிதில் ஆத்திரப்படுபவர்கள் பலரிடம் அமிக்டலா மிகையாகத் துடிப்பதையும், முன்மூளையின் பிடி தளர்ந்திருப்பதையும் ஸ்கேன் ஆய்வுகள் காட்டியுள்ளன. குடியும் தூக்கக் குறைவும் அந்தப் பிடியை மேலும் தளர்த்தும்.

தடை வந்தால் தாக்குதல்தான் என்று 1939இல் யேல் பல்கலைக்கழக அறிஞர்கள் எழுதினார்கள். தடை எப்போதும் தாக்குதலில் முடிவதில்லை என்று 1941இல் அவர்களே திருத்திக்கொண்டார்கள். ஆக, இது தலைவிதி அல்ல, பயிற்சியால் மாறும். அவரை அரசு இராசாசி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணிலும் பேசலாம். உங்கள் மீது கை நீண்டால் பொறுக்காதீர்கள், பெண்கள் உதவி எண்ணான 181ஐ அழையுங்கள்.